கோர்ட்டு கலையும் வரை

டவாலி மூன்று தரம் கூப்பிட்டார்.
மூன்றாவது தரத்தில்தான்
அது என் பெயர் என்று பிடிபட்டது.
அப்பா சொரிமுத்துவைச்
சோறுமுத்து என்று தட்டியிருந்தார்கள்.
யாரும் திருத்தவில்லை. நானும்.

கல்லிடைக்குறிச்சி, கன்னடியன் கால்வாய்க் கரை,
மருத மரத்தடி, பிற்பகல் மூன்று நாற்பது,
பணம் வைத்துச் சீட்டாடியது.
நாலு பேர். ஒரே மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள்.
அன்றைக்கு மழை, லோடு வரவில்லை.
அதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை.

தொண்டி: ரூபாய் முந்நூற்று எழுபது,
சிமென்டுச் சாக்கு ஒன்று,
சீட்டு ஐம்பத்திரண்டு.

ஐம்பத்தொன்று.

எனக்குத் தெரியும்.
கிளாவர் ஏஸ் என் டிராயர்ப் பையில் இருந்தது.
ஏட்டையா சட்டைப் பையைத்தான் தடவினார்.
ராத்திரி முழுக்க ஸ்டேஷன் தரையில்
அதன் முனை தொடையைக் குத்திக்கொண்டே கிடந்தது.
மீரானின் நூற்றைம்பது என் பக்கம் வந்தது
கைராசியால் இல்லை.

நடுவர் அம்மாவுக்கு என் தங்கச்சி வயசுதான் இருக்கும்.
மேசையில் கட்டுக் கட்டாக எங்களைப் போல:
ஹெல்மெட் போடாதவன்,
பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டுப் பாடியவன்,
ஆற்று மணலைச் சைக்கிளில் கட்டிப் போனவன்.
மாதக் கடைசி. ஸ்டேஷனுக்கும் ஒரு கணக்கு உண்டு.
நிமிராமல் கேட்டார்,
"குற்றத்தை ஒத்துக்கிடுதீங்களா?"
ஆமாம்மா என்றான் கொம்பையா.
ஆமாம்மா என்றான் ஞானதுரை.
மீரான் தலையை ஆட்டினான், வாயால் சொல்லச் சொன்னார்கள்.
நாலு ஆமாவுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை.
இல்லை என்றால் ஆறு வாய்தா, ஆறு நாள் கூலி.
வேப்பமரத்தடியிலேயே வக்கீல் குமாஸ்தா
விரல் விட்டு எண்ணிக் காட்டியிருந்தார்.

தலைக்கு முந்நூறு அபராதம்.
கோர்ட்டு கலையும் வரை சிறை.

சிறை என்றால் கடைசி பெஞ்சு.
சுவர் ஃபேன் எங்கள் பக்கம் திரும்ப வந்து
பாதியிலேயே மனசு மாறிப் போகும்.
கொம்பையா தூங்கினான். கான்ஸ்டபிள் தட்டினார்.
மறுபடி தூங்கினான்.
பன்னிரண்டு லட்சம் செக் கேஸ்காரருக்கு
நாற்காலி கிடைத்தது,
அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதியும் கிடைத்தது.
சீட்டுகளை அழித்துவிட உத்தரவு என்று
பெஞ்சு கிளார்க் யாருக்கோ வாசித்தார்.
உறை மெலிசாகக் கைமாறிப் போனது.
ஒரு ஆள் எண்ணிப் பார்த்தால் போதும்.
எண்ண யாருக்கு நேரம்?

எழுந்து சொல்லிவிடுவோமா என்று ஒருதரம் வந்தது.
எந்தச் செக்சனில் சொல்ல?

மீரானிடம் அபராதத்துக்குப் பணம் இல்லை.
மேஸ்திரி கொடுத்தனுப்பிய முன்பணத்தில்
அவனுக்கும் நானே கட்டினேன்.
ரசீதை இரண்டாக மடித்து
"ஏல, ஒன்னைய மறக்க மாட்டேன்" என்று
கையைப் பிடித்துக்கொண்டான்.
மூட்டை தூக்குகிற கை. நெரித்தது.
மத்தியானம் வரை விடவில்லை.

ஐந்தே கால்.
அம்மா எழுந்தார். எல்லோரும் எழுந்தோம்.
முட்டி நிமிர்கிற நேரத்துக்குள்
தண்டனை முடிந்துபோனது.

அம்பாசமுத்திரம் பஸ் நிறுத்தத்தில்
ஆளுக்கொரு சுக்குக் காப்பி. மீரான் வாங்கித் தந்தான்.
பத்து ரூபாய் எங்கே ஒளித்து வைத்திருந்தானோ.
பாபநாசம் பஸ் எதிர்ப்பக்கமாகப் போனது.
ஆற்றிக்கொண்டே கேட்டான்,
"போலீசு வாற வரைக்கும்
அந்தக் கிளாவர் ஏஸ் வரவே இல்லலா.
கவனிச்சியா?"

காலையில் அத்தனை லேசாக வந்தது அந்தச் சொல்.
காப்பி சூடு என்று சாக்குச் சொல்லி
நாக்கை மடக்கிக்கொண்டேன்.
அவன் தாளில் எதையும் எழுதவில்லை.
அடுத்த கேஸைக் கூப்பிடவும் இல்லை.
டம்ளரைக் கீழே வைத்துவிட்டு
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.